குமட்டல் பூசிய சுவர்

சூரியனைச் செய்துவிட்டார்கள். அதை வைக்கப் பாத்திரம்தான் கிடைக்கவில்லை.

கிளாட்வின் ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் வேலையை இப்படித்தான் விளக்குவான். அணுக்களை இணைத்து எரிகிற குட்டிச் சூரியன், உலைக்கு நடுவே காந்தத்தில் தொங்கிக்கொண்டு, எதன்மீதும் படாமல் சமர்த்தாக இருக்கும். அதிலிருந்து கிளம்புகிற நியூட்ரான்களுக்கு அந்தச் சமர்த்து கிடையாது. காந்தத்தை மதிக்காமல் நேரே போய்ச் சுவரில் மோதும். சுவர் டங்ஸ்டன். லேசில் உருகாத உலோகம். ஆனால் உள்ளுக்குள் ஹீலியம் குமிழி கட்டிக்கொண்டு, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பி, பிறகு பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும்.

"அப்ப நீ பூரி சுடுத வேலைக்கா போயிருக்க?" என்று அவன் அப்பா கேட்டார்.

"உப்பாம சுடுத வேலைப்பா."

அதன் பிறகு அப்பா மகனின் படிப்பைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

இந்த உப்பாத பூரிக்காகத்தான் கீழளம் என்ற ஊரில் உப்பளங்களை வாங்கி ஆய்வு மையம் கட்டியிருந்தார்கள். வாசலில் 'தூய ஆற்றல், தூய நாளை' என்று பளிங்கில் வெட்டியிருக்கும். அதற்கு நேர் பின்னால் விடுதியின் கழிவுநீர்த் தொட்டி. காற்று வசதியாக அடிக்கும் நாட்களில் இரண்டையும் ஒரே நேரத்தில் அனுபவிக்கலாம்.

மையத்தில் சோதனைக்கான டங்ஸ்டன் தகடுகளை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கையுறை. ஒரு ரோமம் விழுந்தால் வெற்றிடக் கலத்தையே கழுவ வேண்டும். அதே சமயம் ஆயுத பூஜையும் உண்டு. சந்தனம், குங்குமம் எல்லாம் கலத்தின் வெளிக்கதவில் மட்டும் வைக்க வேண்டும் என்று இயக்குநர் தேசிகாமணி சுற்றறிக்கையே அனுப்பியிருந்தார். அறிவியலும் கெடக் கூடாது, அம்பாளும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வருட ஆயுத பூஜை அன்று மெஸ்ஸில் சுரைக்காய்க் கூட்டு. கிளாட்வின் தட்டில் பாதிப் பல்லி இருந்தது. பாதி என்பதுதான் விஷயம். மீதிப் பாதி எங்கே என்று அவன் யோசிக்க ஆரம்பித்தபோது, வாங்கிய கூட்டில் முக்கால்வாசி உள்ளே போயிருந்தது.

எழுந்து ஓடினான். ஒன்றும் வெளியே வரவில்லை. வாயெல்லாம் எச்சில் ஊற, உள்ளங்கை பிசுபிசுக்க, முகம் எண்ணெய் வழிய, ஆய்வுக்கூடத்துக்குள் வந்து நின்றான். பூஜை ஆரம்பமாகியிருந்தது.

"கிளாட்வின், நீங்க பொட்டு வைங்க. கிறிஸ்டியன் ஒருத்தர் வச்சா ஒற்றுமையா இருக்கும். போட்டோவும் எடுக்கலாம்" என்றார் தேசிகாமணி.

குனிந்தால் வாந்தி வந்துவிடும் என்ற பயத்தில் அவன் கதவு வரைக்கும் குனியவில்லை. கண்ணுக்கு நேராகத் தட்டில் இருந்த தகட்டின்மேல் சந்தனம் தொட்ட கட்டைவிரலை அழுத்திவிட்டு வெளியே ஓடினான். எல்லோரும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கையுறை போட்ட ஒருவர் தகட்டைப் பயபக்தியோடு எடுத்து உள்ளே வைத்து மூடினார்.

நியூட்ரான் குளியல் முடிந்து தகடு வெளியே வந்தபோது முழுவதும் உப்பிப் பொரிந்திருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு நீள்வட்டம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் ரேகை தெரிந்தது. கட்டைவிரல் ரேகை.

முதலில் அம்பாளுக்குத்தான் பெருமை போனது. பிறகு சந்தனத்தைத் தனியாகச் சோதித்தார்கள்; உப்பியது. குங்குமம், உப்பியது. இயக்குநர் தன் கட்டைவிரலையே வைத்துப் பார்த்தார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக உப்பியது. கிளாட்வினை மறுபடி வைக்கச் சொன்னார்கள். அதுவும் உப்பியது. தேசிகாமணி அவனைத் தன் அறைக்கு அழைத்தார்.

"அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டதச் சொல்லவா சார், சாப்பிட்டதுல கெடந்ததச் சொல்லவா?"

சொன்னான். சொல்லும்போதே முகம் வழிய ஆரம்பித்தது. தேசிகாமணி ஆனந்தமாக ஒரு பஞ்சை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். அவருடைய நெற்றியில் அல்ல, அவன் நெற்றியில்.

அந்தப் பஞ்சு தடவிய தகடு உப்பவில்லை.

"மனுஷனுக்கு அருவருப்பு வரும்போது தோல்ல ஒரு கொழுப்பு சுரக்குது, கிளாட்வின்" என்று பிறகு விளக்கினார். "வெயில்ல வர்ற வேர்வை வேற, பயத்துல வர்றது வேற. இது உலைச் சூட்டுல கருகிப் போகாம வலை மாதிரி படிஞ்சிடுது. ஹீலியம் அந்த வலை வழியா நைசா வெளியே போயிடுது. சுவர் தப்பிச்சுது."

"செயற்கையா செய்ய முடியாதா சார்?"

"பார்த்தாச்சு. ஆலைக்காரங்க செஞ்சு தந்ததும் சரி வரல. ஆட்டுக் கொழுப்பையும் தடவிப் பார்த்தோம். ஆடு எதுக்கும் அருவருப்படையறதில்ல."

அந்தக் கொழுப்புக்கு அவரே 'ஸ்வேதாமிர்தம்', அதாவது வேர்வை அமிர்தம், என்று பேர் வைத்தார். மஞ்சளாக, மார்கழியில் உறைந்த நெய் மாதிரி இருக்கும். சின்னச் சின்ன ஜாடிகளில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். 'உண்ணத் தக்கதல்ல' என்று ஒட்டியும் வைத்தார்கள். ஒட்டியது முதல் ஜாடி காலியான பிறகு. யார் காலி செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்குச் சப்பாத்தி.

பிறகு பங்களிப்புக் கூடம் வந்தது. குளிரூட்டிய ஒரு மண்டபம், வரிசையாக நாற்காலிகள், முன்னால் பெரிய திரை. உப்பளம் போனதால் வேலை போனவர்கள் எல்லோரும் பங்களிப்பாளர்களாக வந்து உட்கார்ந்தார்கள். திரையில் அருவருப்பான விஷயங்கள் ஓடும். நெற்றியிலும் மூக்கோரத்திலும் மினுமினுப்பு வந்ததும், உதவியாளர்கள் வழவழப்பான சின்ன எஃகுத் தகட்டால் அதை வழித்து ஜாடியில் தட்டுவார்கள். இட்லி மாவுப் பாத்திரத்தை வழிக்கிற அதே சத்தம். திரையில் என்ன காட்டலாம் என்று தேர்ந்தெடுப்பது கிளாட்வினின் வேலை. அதுதான் அவனுடைய முனைவர் பட்டம்.

முதலில் அழுகிய மீன், பேருந்து நிலையக் கழிப்பறை, சாம்பாரில் பிளாஸ்திரி. பிரமாதமாகச் சுரந்தது. சில வாரங்களில் பேருந்து நிலையக் கழிப்பறை வரும்போது பங்களிப்பாளர்கள் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து உட்காரவைத்தான். கொஞ்ச நாள் நன்றாகச் சுரந்தது. பிறகு அவர்களும் நம்மவர்களாகிவிட்டார்கள்.

சரி, உடம்புக்குக் குமட்டுவது பழகிவிடும், மனசுக்குக் குமட்டுவதைக் காட்டலாம் என்று மாற்றினான். பாலம் இடிந்து விழுந்த இடத்தில் ஓர் அரசியல்வாதி மாலை வாங்கிக்கொள்ளும் காட்சி. முன்வரிசையில் ஒருவர், "மாலைய நல்லா நெருக்கிக் கட்டிருக்கான்" என்றார். சாதி மாறிக் காதலித்த மகளைக் கொன்ற தகப்பனின் பேட்டி. ஒரே ஒருவருக்கு மட்டும் வேர்த்தது. பரிசோதித்ததில் அவருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

ஜாடிகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒருத்தியின் ஜாடி மட்டும் எப்போதும் நிறைந்தது.

மாரிச்செல்விக்குத் திரையே தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த 'தூய ஆற்றல்' சின்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான். முகம் விளக்கு மாதிரி மினுங்கும்.

காரணம் கிளாட்வினுக்குத் தெரியும். அவளுடைய தம்பி துரைப்பாண்டி செத்தது மையத்தின் கழிவுநீர்த் தொட்டியில். பளிங்குக்குப் பின்னால் இருக்கிற அதே தொட்டி. பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று ஒரு காலை நேரத்தில் அவனை அவசரமாக இறக்கினார்கள். விடுதிக் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கிளாட்வின், "முகமூடியெல்லாம் தேட நேரமில்ல, எறங்குல" என்று மேற்பார்வையாளர் அதட்டியதைத் தன் காதால் கேட்டான். கொஞ்ச நேரத்தில் அவனும் மெஸ் சமையல்காரரும் கயிறு கட்டி உடலைத் தூக்கினார்கள். சமையல்காரர் மறுநாளே வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். துரைப்பாண்டி குடித்துவிட்டு, தானே தவறி விழுந்தான் என்று மையம் சொன்னது.

"அவன் குடிக்க மாட்டான் தம்பி. மோர்ல உப்பு கூடுனாலே தல சுத்துதும்பான்" என்றாள் மாரிச்செல்வி. தேநீர் இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்வது வழக்கம்.

"அப்புறம் ஏன்க்கா இங்கயே வந்து உக்காருதிய? வெறுப்பா இல்லையா?"

"வெறுப்பா இருக்கப்போய்த்தான ஜாடி ஜாடியா வழிக்கிய?" சிரித்தாள். "வீட்ல உக்காந்தா மறந்துருவாவ. இவுக கண்ணுல நான் பட்டுக்கிட்டே இருக்கணும். காலைல வந்தொடனே என் மூஞ்சில முழிக்கணும் அந்த டைரக்டரு."

"அவர் காலைல வர மாட்டாருக்கா. பதினோரு மணி ஆகும்."

"அப்ப பதினோரு மணிக்கு முழிக்கட்டும்."

தம்பி சாவு பற்றி அவள் போட்ட வழக்கில் விசாரணைக்கு நாள் குறித்த செய்தி வந்த அன்று அவள் பொரிகடலை வாங்கி வந்திருந்தாள். "நீங்க காதால கேட்டத அப்படியே சாட்சி சொல்லிருவியள்லா?"

"சொல்லிருவேன்க்கா."

"பயந்துக்கிட மாட்டியள?"

"பயந்தா வேற மாதிரி வேர்வைக்கா. அது நம்ம ஜாடிக்கு ஆகாது."

அவள் பொரி புரையேறும்வரை சிரித்தாள். அன்று மதியம் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சின்னத்தையே பார்த்தாள். உதவியாளர் எஃகுத் தகட்டோடு காத்திருந்தார். முகம் உலர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. கழுவித் துடைத்த மாதிரி நிம்மதியான முகம்.

தேசிகாமணி அவனைக் கூப்பிட்டார்.

"முழுச் சுவர் சோதனைக்குத் தேதி நெருங்கிடுச்சு. முக்கால் சுவர் பூசியாச்சு. கால் சுவர் பாக்கி. அது இல்லேன்னா சூரியன் இல்ல, மையம் இல்ல, உங்க பட்டமும் இல்ல. உங்க ஆளு ஏன் காஞ்சு போயிட்டாங்க?"

"தெரியல சார்."

"எனக்குத் தெரியுது. நம்பிக்கை வந்துடுச்சு." ஒரு நோயின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார். "யாரோ அந்தம்மாவுக்கு நம்பிக்கை குடுத்திருக்காங்க. அருவருப்புக்கு அதைவிடக் கெட்டது எதுவும் கிடையாது."

கிளாட்வின் எழப் போனான்.

"அதை நீங்கதான் எடுக்கணும். கூடத்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால மைக் இருக்கு. நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பேசினா போதும். 'துரைப்பாண்டி குடிச்சிருந்தான். யாரும் இறங்கச் சொல்லல. நான் எதையும் கேக்கல.' அவ்வளவுதான்."

"சார், அது பொய்."

"சோதனையில காட்டற தூண்டுதல் எல்லாம் நிஜமாவா இருக்கு? சாம்பார்ல போட்ட பிளாஸ்திரி நம்ம மருந்தறையில எடுத்ததுதானே?" தேசிகாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒலிப்பதிவு நம்மகிட்ட இருக்கும். விசாரணைக்கு நீங்க வேற தனியா அலைய வேண்டாம். ஒரே வேலையா முடிஞ்சுடும்."

கிளாட்வினுக்கு வாயில் எச்சில் ஊறியது. உள்ளங்கை பிசுபிசுத்தது. காற்சட்டையில் துடைக்கப் போனவனை, "வேஸ்ட் பண்ணாதீங்க" என்று தடுத்த தேசிகாமணி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து நீட்டினார். அவன் ஒற்றிக்கொடுத்தான். கொடுத்துவிட்டுத்தான், தான் கொடுத்துவிட்டதை உணர்ந்தான்.

"நாடு முழுக்க வெளிச்சம், கிளாட்வின். ஒரு குடும்பம் கொஞ்சம் வருத்தப்படும். கணக்கு உங்களுக்கே தெரியும்."

யோசிக்க இரண்டு நாள் கேட்டான். யோசிப்பதாகச் சொல்லிக்கொண்டு அந்த இரண்டு நாளும் ஆய்வேட்டின் நன்றியுரையை எழுதினான். மாரிச்செல்விக்கும் ஒரு வரி நன்றி இருந்தது. மரத்தடிக்கு மட்டும் போகவில்லை.

கூடத்தில் அன்று அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. கிளாட்வின் மைக்கை அழுத்தினான். குரல் சாதாரணமாகவே வந்தது. அதுதான் அவனுக்கு ஆச்சரியம்.

"துரைப்பாண்டி அன்னைக்குக் குடிச்சிருந்தான். யாரும் அவனை இறங்கச் சொல்லல. நான் எதையும் கேக்கல."

மாரிச்செல்வி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி? நீங்களா பேசுதிய?"

தேசிகாமணி தலையசைத்தார். இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார். கிளாட்வின் மறுபடியும் சொன்னான். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாக வந்தது.

அவள் கத்தவில்லை. முகத்தில் ஒரு மினுமினுப்பு பரவியது. நெற்றியில் ஆரம்பித்து, மூக்கோரம், கன்னம், மோவாய், கழுத்து என்று இறங்கி, சொட்டாகத் திரண்டு தொங்கியது. கூடத்தில் யாரும் அதுவரை அப்படிச் சுரந்து பார்த்ததில்லை. அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனாள்.

"துடைக்காதீங்கம்மா! துடைக்காதீங்க!" என்று உதவியாளர்கள் ஓடினார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி நிதானமாக வழித்தார். இட்லி மாவுச் சத்தம். "கண்ணுகிட்ட பாத்து. கண்ணீர் கலந்தா தரம் போயிடும்" என்று தேசிகாமணி மைக்கில் சொன்னார். ஜாடிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

கிளாட்வின் தன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான். உலர்ந்திருந்தது. குளிரூட்டி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

சுவர் தாங்கியது. சூரியன் எரிந்தது. தொலைக்காட்சிகளில் தேசிகாமணி ஒரு பொத்தானை அழுத்த, ஒரு நகரம் முழுக்க விளக்கு எரிந்தது. விசாரணை ஒலிப்பதிவோடு முடிந்தது. கிளாட்வினுக்குப் பட்டம் கிடைத்தது, அதே மையத்தில் வேலையும் கிடைத்தது.

ஒரு சூரியன் என்றால் ஒரு சுவர். எல்லா ஊருக்கும் சூரியன் வேண்டும் என்றால் நிறையச் சுவர். மாரிச்செல்வி மேல்முறையீடு செய்திருந்தாள். அதனால் அவள் தினமும் வந்தாள். இப்போது மைக்கும் தேவைப்படவில்லை, சின்னமும் தேவைப்படவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். காலையில் கிளாட்வின் எதிரே வந்து நின்றால் போதும்.

ஒருமுறை அவன், "தினமும் கஷ்டமா இருந்தா வாரத்துல ரெண்டு நாள் வாங்கக்கா" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

"இல்ல தம்பி. நீங்க தெனமும் வந்து நில்லுங்க" என்றாள், முகத்தை வழிக்கக் கொடுத்தபடியே. "எனக்குப் பழகிறக் கூடாதுல்லா."

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்த முறை நிறைய காமிராக்கள். வரலாற்றுச் சம்பவத்தை மறுபடி நடத்திக் காட்டலாம் என்பது தேசிகாமணியின் யோசனை. புதுத் தகடு ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். "முதல் கட்டைவிரலும் முதன்மைப் பங்களிப்பாளரும்" என்று அறிவித்தார். இரண்டு பேரும் ஒரே தகட்டில் சந்தனம் வைக்க வேண்டும்.

மாரிச்செல்வி முதலில் வைத்தாள். வைக்கும்போது தகட்டைப் பார்க்கவில்லை; அவன் முகத்தைப் பார்த்தாள். அழுத்தி, நிதானமாக, அடையாளம் விழட்டும் என்பது மாதிரி வைத்தாள். பக்கத்தில் கிளாட்வின் தன் கட்டைவிரலை வைத்து, காமிராவுக்குச் சிரித்தான்.

நியூட்ரான் குளியல் முடிந்து தகடு வெளியே வந்த அன்று எல்லோரும் சுற்றி நின்றார்கள். தகடு உப்பிப் பொரிந்திருந்தது. நடுவில் ஒரு நீள்வட்டம் கண்ணாடி மாதிரி மின்னியது. ரேகைகள் அத்தனை துல்லியம். உப்பளத்தில் உப்பு அறுத்த வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

தேசிகாமணி உருப்பெருக்கியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

"இது அந்தம்மாவோடது. உங்களது எங்கே, கிளாட்வின்?"

கிளாட்வின் குனிந்து பார்த்தான். அவன் விரல் வைத்த இடத்தில் பூரி, சுற்றிலும் இருந்த பூரியைப் போலவே இருந்தது. அந்த இடத்தை யாராலும் காட்ட முடியாது. அவனாலும்.

"அன்னைக்கு நல்லா சாப்பிட்டேன் சார். அதனால இருக்கும்."

"பரவாயில்ல விடுங்க. எனக்கும் இப்படித்தான். ஆரம்பத்துல கொஞ்ச நாள் இருந்துச்சு" என்று தேசிகாமணி அவன் தோளில் தட்டினார்.

மணி ஒன்றாகியிருந்தது. கிளாட்வின் மெஸ்ஸுக்குப் போனான். சுரைக்காய்க் கூட்டு. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு தட்டில் ஒரு வால் தெரிந்தது. மெலிதாக, நுனி சுருண்டு. அதை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில், கறிவேப்பிலைகளோடு சேர்த்து ஒதுக்கிவைத்தான்.

"அண்ணே, இன்னொரு கரண்டி கூட்டு போடுங்க" என்றான்.